ஜீப் வருவதற்கு முன்னால்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது அல்ல. எருமப்பட்டிக்குத் தெற்கே ஓர் ஏரிக்கரையில், மண்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, ஆத்தாயி என்ற பெண்மணி எனக்குச் சொன்னது. ஆண்டு 1962. எனக்கு இருபத்து மூன்று வயது. அரசாங்க உத்தியோகம் கிடைத்து ஏழே மாதம் ஆகியிருந்தது. புதுப் பேனாவைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி குத்திக்கொண்டு திரிந்த காலம்.

அப்போது எங்கள் பக்கத்தில் ஒரு திட்டம் வந்திருந்தது. விதைப்பும் இல்லாமல் அறுப்பும் இல்லாமல் ஊர் சும்மா கிடக்கிற மாதங்களில், வேலை கேட்டு வருகிறவர்களுக்கு அரசாங்கமே வேலை கொடுக்கும். ஏரி தூர் வாரலாம், ரோட்டுக்கு ஜல்லி உடைக்கலாம். ஆண்டுக்கு நூறு நாள். எல்லா ஊருக்கும் கிடையாது. வேலையில்லாமல் ரொம்பத் திண்டாடுகிற வட்டாரம் என்று கண்ட இடங்களுக்கு மட்டும்தான். அப்படிக் கண்டு சொல்கிற வரிசையில் கடைசி ஆள் நான். வேலை நடக்கிற இடத்துக்குச் சைக்கிளில் போக வேண்டும், பார்க்க வேண்டும், இந்த ஊருக்கு இந்த வேலை உண்மையிலேயே தேவைதானா என்று ஒரு பக்கத்தில் எழுதி மேலே அனுப்ப வேண்டும்.

அந்த ஏரியைப் பற்றியும் எழுதி அனுப்பினேன். என்ன எழுதினேன் என்பதை ஆறாவது பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள்.

அனுப்பிய மூன்றாம் நாள், அங்கே மறந்து வைத்துவிட்டு வந்த குடையை எடுக்க மறுபடி ஏரிக்குப் போனேன். குடையை ஆத்தாயி பத்திரமாக வைத்திருந்தார். கூடவே இந்தக் கதையையும் கொடுத்தார். குடை அடுத்த மழையிலேயே கம்பி முறிந்துபோயிற்று. கதை இன்னும் கையில் இருக்கிறது.

2

எப்படித் தொடங்குவது என்பதில் ஒரு நோட்டு முழுக்கக் கெட்டுப்போயிற்று. உங்களிடம் மறைப்பானேன்.

முதல் தொடக்கம்: "வானம் பொய்த்த வருஷம் அது. பூமி பாளம் பாளமாக வெடித்து, ஒரு வாய்த் தண்ணீருக்கு—"

நிறுத்திவிட்டேன். பஞ்சத்தை எழுத உட்கார்ந்தால் எல்லோருக்கும் பூமிதான் முதலில் வெடிக்கிறது. அந்த ஏரியில் வெடிப்பெல்லாம் இல்லையாம். வண்டல் போய் மேலே வெறும் பொடிமண்தான் கிடந்ததாம்.

இரண்டாவது தொடக்கம்: "சேலம் ஜில்லா, நாமக்கல் தாலுகா, மேற்படி கிராமத்தில் 1952ஆம் வருஷம் பார்வையில் கண்டபடி—"

இது கதை இல்லை, தபால். முப்பத்தைந்து வருஷம் இப்படியே எழுதிய கை, விட்டால் கீழே நகல் யார் யாருக்கு என்று போட்டுக் கையெழுத்தும் வைத்துவிடும்.

மூன்றாவது: "இன்பமேரி அன்று தலைக்குக் குளித்தாள்."

இதை வைத்துக்கொள்கிறேன். ஒரு பெண் குளிப்பதில் என்ன செய்தி இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த வருஷம், அந்த ஊரில், அது செய்திதான்.

3

1952. தொடர்ந்து மழை ஏமாற்றிக்கொண்டிருந்தது. பஞ்சம் வந்துவிட்டது என்று ஓர் ஊர் தானாகச் சொல்லிக்கொள்ள அந்த நாளில் முடியாது. அரசாங்கம் நம்ப வேண்டும். நம்புவதற்கு வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு வழி இருந்தது. முதலில் கடினமான வேலை ஒன்றைத் திறப்பார்கள். கூலியைக் குறைத்து வைப்பார்கள். அப்படியும் ஆட்கள் திரண்டு வந்து முதுகை ஒடித்துக்கொண்டால் பசி நிஜம். வராவிட்டால் ஊர் பாசாங்கு பண்ணுகிறது. இதற்குச் சோதனை வேலை என்று பெயர்.

[சோதனைக்கு உட்படுவது வேலை அல்ல, ஆட்கள். அந்தப் பெயரைக் கண்டுபிடித்தவர் இதை யோசித்தாரா தெரியாது.]

சில வாரம் கழித்து மேலதிகாரி ஒருவர் நேரில் வந்து ஆட்களைப் பார்ப்பார். அவர் மனசுக்குப் பட்டால் மழை வரும்வரை வேலை உண்டு. கூடவே குழந்தைகளுக்கும் வயசானவர்களுக்கும் கஞ்சித் தொட்டி திறப்பார்கள். படாவிட்டால் மண்வெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஏரியில் இரண்டு ஊர் ஆட்கள் வேலை செய்தார்கள். ஆத்தாயியின் ஊர் ஒன்று. இன்னொன்று அந்தோணியார் கோயிலைச் சுற்றிய இருபது முப்பது வீடுகள், எல்லோரும் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். இன்பமேரி அந்த ஊர். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. புருஷன் லாசர் கிணறு வெட்டுகிறவன். வெட்டிய கிணற்றிலேயே தண்ணீர் இல்லாதபோது புதுக் கிணறு யார் வெட்டுவார்கள்? ஆகவே அவனும் ஏரிக்கு வந்தான். அவர்களுக்குச் செல்வமேரி என்று ஒரு குழந்தை, எட்டு மாதம். கரையோர வேலாமரத்தில் தூளி கட்டிப் போட்டிருப்பார்கள்.

இவளை ரொம்ப நல்லவளாக எழுதிவிடுவேனோ என்று எனக்குப் பயம். கஷ்டப்பட்ட பெண் என்றதும் பேனா தானாக அவளுக்குப் பொறுமையையும் கண்ணீரையும் கொடுத்துவிடுகிறது. ஆத்தாயி சொன்ன இன்பமேரி அப்படி இல்லை. விடிகிற நேரத்துக்கே வந்து, இருப்பதில் லேசான கூடையாகப் பார்த்து எடுத்து ஒளித்து வைத்துக்கொள்வாளாம். கேட்டால், "முன்னாடி வந்தவளுக்குத்தான் கூடை. நீ ஏன் தூங்குன?" என்பாளாம். அவளுக்குச் சண்டையும் சிரிப்பும் ஒரே மூச்சில் வருமாம்.

அவளுக்கு ஒரே ஒரு பயம்தான். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டம். தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி, பஞ்சம் என்று கேள்விப்பட்டாலே லாரியோடு வந்து நின்றுவிடுவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் தங்கை ஜெபமலர் அப்படித்தான் உறவுக்காரர்களோடு லாரி ஏறினாள். ஜெபமலர் மலைக்காய்ச்சலில் போனாள். திரும்பி வந்தது அவளுடைய தகரப்பெட்டி மட்டும். மலை ரோடு தொடங்குகிற கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு டீக்கடை வாசலில் கங்காணி அதை இறக்கி வைத்தான். இன்பமேரி நடந்தும் பஸ் ஏறியும் போய் அதை வாங்கிக்கொண்டு வந்தாள்.

லாசர் கங்காணியிடம் வார்த்தை கொடுத்திருந்தான். ஏரி வேலை நின்றால் திங்கட்கிழமை லாரி. நிலைத்துவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கதையின் முடிச்சு. இதைவிடப் பெரிய முடிச்சு போட எனக்குத் தெரியவும் தெரியாது, அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

4

செவ்வாய்க்கிழமை கஞ்சி வேளையில் மேஸ்திரி சென்னிமலை வந்து சொன்னார். ரோட்டு வேலையில் பழுத்தவர், கத்திப் பேசத் தெரியாத மனிதர்.

"நாளான்னைக்குப் பெரிய ஆபீசரு வாராரு. ஜீப்புல வாராராம். நம்ம வேலையப் பாத்துப்போட்டு எழுதுவாராம்."

"என்னத்தைங்க எழுதுவாரு?" என்றாள் ஆத்தாயி.

"வேலை இருக்கோணுமா வேண்டாமான்னு."

இன்பமேரிதான் முதலில் பேசினாள்.

"அப்படின்னா மரியாதையா நிக்கோணுமுங்க. இப்படி மண்ணும் மட்டையுமா நின்னா, இதுக பாரு, வாரவரை ஒரு ஆளாக்கூட மதிக்கலைன்னு போயிருவாரு. நம்மூருக்கு ஆண்டவரு வந்தப்ப எப்படி நின்னோம்?"

[இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் கோயில் ஊர்க்காரர்கள் வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய மனிதரைத்தான் வரவேற்றிருந்தார்கள். மேற்றிராணியார், அதாவது ஆயர். அவரை ஆண்டவர் என்றே சொல்வார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தார். ஊரே தலைக்குக் குளித்து, பெட்டியில் இருந்த பண்டிகைத் துணியை உடுத்தி, எல்லையிலேயே கைகூப்பி நின்றது. வந்தவர் மனம் குளிர்ந்து கோயிலுக்கு ஒரு மணி அனுப்பிவைத்தார். பெரியவர் வந்தால் என்ன செய்ய வேண்டும், செய்தால் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.]

"குளிக்கறதுக்குத் தண்ணிக்கு எங்க போறது?" என்று லாசர் கேட்டான்.

"குடிக்கறதுல எடுப்போம். ஒரு நாளைக்குத் தாகமா இருந்தாச் செத்தா போயிருவோம்?"

"ஏனுங்க மேஸ்திரி, அப்படி வாரலாமுங்களா?" என்று ஆத்தாயி கேட்டாள்.

சென்னிமலை யோசித்தார். அவருக்கும் அதிகாரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. "சுத்தமா இருந்தா ஆருக்குப் புடிக்காது" என்றார்.

இந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்த யோசனையை அவள் வாயில் வைப்பதா என்று இன்னும் எனக்குத் தயக்கம். கூட்டத்தில் யாரோ சொன்னார்கள் என்று எழுதலாம், மேஸ்திரியே சொன்னதாக எழுதலாம். எல்லோரும் சேர்ந்து செய்த தவறு என்றால் பாரம் பங்கு போட்டுக்கொள்ளும். அப்படி ஒரு படி எழுதியும் பார்த்தேன். அதில் இன்பமேரி வெறுமனே கூட்டத்தில் ஒருத்தி ஆகிவிட்டாள், கூடையை ஒளித்து வைக்கிற பெண் காணாமல் போய்விட்டாள். கிழித்துப் போட்டுவிட்டேன்.

5

புதன்கிழமை இரண்டு ஊரும் துவைத்தன. இதைச் சொல்லும்போது ஆத்தாயி சிரித்தார். ஒரு குடம் தண்ணீரில் ஆறு பேர் துணியாம். முதலில் வெள்ளை வேட்டி, அதே தண்ணீரில் சேலை, அதே தண்ணீரில் குழந்தைச் சட்டை, கடைசியில் அந்தத் தண்ணீரை வடிகட்டி மாட்டுக்கு வைத்தார்களாம். தண்ணீருக்குக் கோயில் ஊர்க்காரர்கள் மூன்று கல் தொலைவில் இருந்த ஒரு தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்தார்கள். சண்டை வரவில்லை. அந்த வருஷத்தில் தண்ணீருக்காகச் சண்டை வராத ஒரே நாள் அதுதான் என்றார்.

இன்பமேரி வீட்டில் ஜெபமலரின் தகரப்பெட்டியைத் திறந்தாள். அதில் ஒரு சேலை இருந்தது. நீலத்தில் மஞ்சள் கரை. தோட்டத்தில் கிறிஸ்துமஸுக்கு எடுத்தது, மடிப்புக் கலையவில்லை.

"அதை ஏம்புள்ள எடுக்கற?" என்றான் லாசர்.

"எங்கிட்ட நல்லது வேற எது இருக்குதுங்க?"

"செத்தவ சீலை."

"எந்தங்கச்சி சீலை. அவ இருந்தா அவளே குடுத்திருப்பா. கட்டிக்கிட்டு நில்லு, மலைக்கு மட்டும் வராதேன்னு சொல்லியிருப்பா."

லாசரும் தன் கல்யாண வேட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

[என் சொந்த ஞாபகம் ஒன்றை இங்கே சொருகுகிறேன், கதைக்குத் தேவையில்லை. 1962இல் நான் பார்த்த அதே ஏரி. காலையில் மேஸ்திரியின் ஊதல். கூடைகள் தலை மாறித் தலை மாறிக் கரையேறும் ஒழுங்கு. கம்பங்களியும் பச்சை மிளகாயும், கடித்துக்கொண்டே ஒருத்தி இன்னொருத்தியின் புருஷனைக் கேலி பண்ணுவது. மதியம் எல்லோரும் சேர்ந்தாற்போல் மரத்தடியில் கண் அசருவது. எத்தனையோ வருஷம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டேன். நான் ஏங்குவது அந்த மரத்தடிக்குத்தான். வேலை கிடைத்த ஊரின் சத்தம் தனி, அதைக் கேட்டவனுக்கு மறக்காது. பசியால் வந்த கூட்டத்தை நினைத்து வயிறு நிறைந்தவன் ஏங்குவது அசிங்கம் என்றும் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஏங்குகிறேன்.]

6

இப்போது அதிகாரி வர வேண்டும். இவரிடம்தான் நான் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டேன்.

முதல் படியில் அவருக்குத் தொப்பை வைத்தேன், வெற்றிலைச் சாறு வழிகிற வாய் வைத்தேன். "நாய்களா" என்று பேச வைத்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஆத்தாயி சொன்ன மனிதர் ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி போட்டு, ஜீப்பை விட்டு இறங்கியதும் தூளியில் இருந்த குழந்தையைப் பார்த்துச் சிரித்தவர். முப்பத்தேழு பேர் தலைவாரிப் பூ வைத்து, வெள்ளையும் சள்ளையுமாகக் கரையில் நின்று, ஆயருக்குச் சொன்னது போலவே "தோத்திரம்" என்று கைகூப்பினார்கள். அவர் பதிலுக்குக் கைகூப்பினாராம். பிறகு மேஸ்திரியைப் பார்த்து, "இது என்ன, இன்றைக்கு ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார்.

"நீங்க வாரதுதானுங்க விசேஷம்" என்றார் சென்னிமலை.

அவர் வரிசையில் நடந்தார். இன்பமேரியின் முன்னால் நின்றார்.

"சேலை நன்றாக இருக்கிறதே. யார் எடுத்தது?"

"எந்தங்கச்சிங்க."

அவ்வளவுதான் சொன்னாள். தங்கை செத்துப்போனதைச் சொல்லவில்லை. வாசலுக்குப் பெரியவர் வந்து நிற்கிற நேரத்தில் சாவைப் பற்றி வாயெடுக்கக் கூடாது என்பது அவள் வளர்ந்த விதம். அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார், காகிதத்தை ஜீப்பின் மூக்கில் வைத்து எழுதினார், எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். சனிக்கிழமை மண்வெட்டிகள் வண்டி ஏறின. துவைத்த துணி உடுத்தத் தண்ணீர் இருக்கிற ஊருக்கு, நல்ல சேலை எடுத்துக் கொடுக்கத் தங்கை இருக்கிற பெண்ணுக்கு, பஞ்ச வேலை எதற்கு?

திங்கட்கிழமை லாரி வந்தது. பத்துக் குடும்பம் ஏறியது.

ஆத்தாயி இதோடு நிறுத்தியிருந்தால் நானும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டுக் குடையோடு வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் நிறுத்தவில்லை.

"அதுல இருந்து ஒரு ஆபீசரு வாராருன்னா, ஊட்டுல இருக்கறதுலயே கிழிஞ்சதாப் பாத்துத்தானுங்க கட்டிக்கிட்டு வாரோம். தலையக்கூடச் சீவறதில்லீங்க. நீங்க வந்தன்னைக்கும் அப்படித்தானுங்க வந்தோம்."

நான் அனுப்பிய அறிக்கையை இப்போது சொல்லிவிடுகிறேன். எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "ஆட்கள் வேண்டுமென்றே கிழிந்த ஆடைகளை உடுத்தி வந்திருப்பது தெரிகிறது. பையில் நல்ல துணி வைத்திருந்த ஒரு பெண்ணை நேரில் கண்டேன். இவ்வூரின் தேவை மிகைப்படுத்தப்பட்டுள்ளதாகக் கருத இடமிருக்கிறது."

நான் கெட்டிக்காரன் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா. அடுத்த மாதம் அந்த ஏரி வேலை வேறு வட்டாரத்துக்குப் போயிற்று.

ஒல்லியான அதிகாரி நல்ல துணியைப் பார்த்துப் பஞ்சம் இல்லை என்றார். நான் கிழிந்த துணியைப் பார்த்து அதையே சொன்னேன். இனிமேல் அவருக்குத் தொப்பை வைக்க எனக்கு யோக்கியதை இல்லை.

[அறிக்கையைத் திருப்பி வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கியிருக்கலாம். மேலதிகாரியிடம் போய், தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். உத்தியோகம் கிடைத்து ஏழு மாதம். நான் போகவில்லை.]

7

நடந்ததை மாற்ற எழுதுகிறவனுக்கு உரிமை உண்டு என்கிறார்கள். மூன்று முடிவு செய்து பார்த்தேன்.

ஒன்று. அதிகாரி பாதி வழி போனதும் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தது தெரிந்து திரும்புகிறார். அதற்குள் எல்லோரும் நல்ல துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, கந்தலோடு பள்ளத்தில் இறங்கியிருக்கிறார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஆத்தாயி மயங்கிக் கிடக்கிறாள். அவருக்குப் புரிகிறது. எழுதியதைக் கிழிக்கிறார். [நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குடையை மறந்தவன் நான். என் மறதியை அவருக்குக் கொடுத்து, என் கடனை அவரை வைத்துத் தீர்க்கப் பார்க்கிறேன். வேண்டாம்.]

இரண்டு. "எந்தங்கச்சிங்க" என்று சொன்ன இன்பமேரி நிறுத்தாமல் மேலே பேசுகிறாள். ஜெபமலர், காய்ச்சல், தகரப்பெட்டி எல்லாவற்றையும் சொல்லிக் கதறுகிறாள். [எழுதினேன், ஒன்றரைப் பக்கம். அழுகை நன்றாக வந்திருந்தது. ஆனால் அந்த இன்பமேரியை எனக்குத் தெரியாது. ஒருத்தி தன் சாவுக்கதையைச் சொல்லி அழுதால்தான் வேலை கிடைக்கும் என்று ஆக்குவதற்கு நான் யார்?]

மூன்று. லாரி வருகிற திங்கட்கிழமை மழை கொட்டுகி—

[மன்னியுங்கள்.]

8

1963, ஜூன் மாதம், அந்தோணியார் திருவிழா. ஆத்தாயி சொல்லி அனுப்பியிருந்தார், தோட்டத்துக்குப் போனவர்கள் தேர் பார்க்க மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார்கள் என்று. நான் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் செய்த தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்கு என்று சொல்ல ஆசை. உண்மையில் முடிவு தேடித்தான் போனேன்.

இன்பமேரி கோயிலுக்குப் பின்னால் பொங்கல் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்று வயதில் முன்தலை நரைத்திருந்தது. நீலச் சேலை, மஞ்சள் கரை. கரை வெளுத்திருந்தது. பக்கத்தில் செல்வமேரி, பதினோரு வயது, நெட்டையாக. லாசர் தேருக்குத் தோள் கொடுக்கப் போயிருந்தார்.

"இந்தத் தம்பிக்கு நம்ம ஏரி வேலைக் கதை வேணுமாம் மேரி" என்றார் ஆத்தாயி. என் உத்தியோகத்தைச் சொல்லவில்லை. நான் வந்துபோன மறுமாதம் வேலை நின்றதையும் சொல்லவில்லை. அது என்னால்தான் என்று ஆத்தாயிக்குத் தெரியுமா தெரியாதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இன்பமேரி சொன்னார். சொல்லும்போது முகம் இருபத்திரண்டு வயசுக்குப் போனது. ஒரு குடத்தில் ஆறு பேர் துணியைத் துவைத்தது, லாசரின் கல்யாண வேட்டியில் எலி கடித்த ஓட்டையை மடிப்புக்குள் மறைத்தது, ஆவாரம்பூ பறிக்கப் போய் முள் குத்திக்கொண்டது, சென்னிமலை மேஸ்திரி எங்கிருந்தோ ஒரு கோட்டு கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தது. நானும் ஆத்தாயியும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"அப்பறம் அந்த ஒத்தப் பனைக்கிட்ட புழுதி தெரிஞ்சுதுங்க" என்றார். பானையைக் கிளறினார்.

காத்திருந்தேன். "அப்புறம்?"

"அப்பறமென்னங்க சாமி. அவ்வளவுதான்."

செல்வமேரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எங்கம்மா எப்பவும் அதோட நிறுத்திக்குமுங்க. தோட்டத்து லயத்து வீட்டுல மழை நாளுக்கெல்லாம் இதைத்தான் சொல்லும். ஜீப்பு வாரவரைக்கும் சொல்லும். அப்பறம் எங்கப்பன்கிட்டத்தான் கேட்டுக்கோணும்."

"குளிச்சுட்டு வாங்கன்னு நாந்தானுங்க சொன்னேன்" என்றார் இன்பமேரி. பானையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "பத்துக் குடும்பமுங்க. அதுல மூணு பேரு அங்கயே கண்ண மூடிட்டாங்க."

நான் என் அறிக்கையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் இது. தவறு உங்களுடையது இல்லை, பார்க்க வந்தவன் கண்ணில் இருந்தது, எனக்குத் தெரியும், என் கண்ணிலும் இருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு வாக்கியம்தான். அவர் பதினோரு வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்ததில் ஒரு கூடை மண்ணாவது இறங்கியிருக்கும். பொங்கலை இலையில் வைத்துக் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

9

ஆகவே முடிவு எழுதவில்லை. அவர் எங்கே நிறுத்தினாரோ அங்கேயே நானும் நிறுத்திக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை. இன்பமேரி அன்று தலைக்குக் குளித்தாள். இரண்டே செம்புத் தண்ணீர்தான். சீயக்காய்த் தூள் முழுசாகப் போகவில்லை, காதோரம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் பொருட்படுத்தாமல் நீலச் சேலையைக் கட்டினாள். மடிப்பிலிருந்து ஜெபமலரின் பெட்டி வாசனை வந்தது. தங்கை பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. துக்கமாக இல்லை, தைரியமாக இருந்தது.

ஏரிக்குப் போனபோது அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று அளப்பதற்காகப் பள்ளத்தின் நடுவே வெட்டாமல் விட்டுவைத்த மண் திட்டுகள் எட்டு. ஒவ்வொன்றின் தலையிலும் ஆவாரம்பூக் கொத்து வைத்திருந்தார்கள். காய்ந்த ஏரிக்குள் எட்டு இடத்தில் மஞ்சள். கூடைகளைக் கழுவ முடியாது, ஆகவே தட்டித் துடைத்து வரிசையாகக் கவிழ்த்திருந்தார்கள். சென்னிமலை கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு நின்றார்.

"மேஸ்திரிக்குக் கோட்டு யாருதுங்க?" என்றாள் இன்பமேரி.

"பேசாம வரிசையில நில்லு புள்ள."

"மாப்பிள்ளையாட்டந்தான் இருக்கறீங்க."

முப்பத்தேழு பேரும் சிரித்தார்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. ஆத்தாயி இன்பமேரியின் பக்கத்தில் வந்து நின்று, காதோரத்துச் சீயக்காயைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அன்றைக்கு லேசான கூடையை இன்பமேரி ஒளித்து வைக்கவில்லை. ஆத்தாயி பக்கம் தள்ளி வைத்திருந்தாள்.

லாசர் தூளியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு வந்தான். எலி கடித்த ஓட்டை உள்மடிப்பில் பத்திரமாக இருந்தது.

"வேலை நெலைச்சுரும்" என்றான். "இப்படி நிக்கறவியளப் பாத்து ஆருக்கு மனசு வராது?"

"அப்ப கங்காணிகிட்ட?"

"இல்லைன்னு சொல்லிப்போடறேன்."

அவள் குழந்தையின் கன்னத்தில் ஒட்டியிருந்த மண்ணை எச்சில் தொட்டுத் துடைத்தாள். ஒற்றைப் பனைக்குப் பக்கத்தில் புழுதி எழும்பியது.

"வாராங்க" என்றது யாரோ. வரிசை நேரானது. இன்பமேரி கைகூப்பினாள்.

[இதற்கு மேல் எழுத வேண்டியது இந்தக் கதையில் இல்லை, ஜீப்பில் இருப்பவர் கையிலுள்ள காகிதத்தில். அந்த இடத்தில் ஒரு தடவை ஒல்லியான அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை, சைக்கிளில் வந்தாலும், நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் எழுதியதைப் பார்த்துவிட்டீர்கள். நான் இறங்கிக்கொள்கிறேன். நீங்கள் உட்காருங்கள், பேனா இதோ. ரொம்ப நேரம் யோசிக்காதீர்கள். வெயில் ஏறுகிறது, குடிக்கிற தண்ணீரில் குளித்துவிட்டு வந்து நிற்கிறார்கள்.]